தொண்ணூறு நாள் யுத்தம்

(வாசிகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் தொழிலில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியத்தோடு தொடங்குகின்றேன். அயலவன் வேலியில் இரண்டு கதியாலைத் தள்ளி நட்டுவிட்டான் என்று சொல்லிக்கொண்டு, காணி உறுதியையும் கையிலெடுத்துக்கொண்டு வருகின்ற கமக்காரர், கதிரையில் அமருமுன்னரே, "ஐயா, இது ஒரு தவணையோடு முடிகிற வழக்குத்தானே?" என்று கேட்பார். அதே வேளையில் எதிராளி இன்னொரு கந்தோரில் இருந்து அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார். தகப்பன் தொடங்கிய அத்தகைய வழக்கொன்றை மகன் நடத்தி, பேரன் சமாதானம் செய்து முடித்ததை நான் கண்டிருக்கின்றேன். வேலி நின்ற இடத்திலேயே நின்றது. காணியிற் பாதி செலவுக்குப் போயிற்று.

உலக சரித்திரத்தில் ஏதேனும் ஒரு பகுதியைப் பற்றிப் பேசும்படி வாசிகசாலையார் கேட்டபொழுது அந்த வேலி வழக்குத்தான் என் நினைவுக்கு வந்தது. ஆகவே அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் முதலாண்டை, 1861 ஏப்ரில் முதல் 1862 ஏப்ரில் வரையுள்ள காலத்தை, எடுத்துக்கொண்டேன். யுத்தம் என்றால் என்ன என்பதை இந்தச் சபைக்கு எடுத்துச் சொல்லவேண்டிய தேவை எனக்கில்லை. இரத்தக் காட்சிகளை வருணித்து உங்கள் நேரத்தைப் போக்கவும் மாட்டேன். நான் கேட்பது வேறு. எழுதப்பட்ட யாப்பும், நீதிமன்றங்களும், சட்டம் கற்ற தலைவர்களும் நிறைந்த ஒரு தேசம், எல்லாம் தொண்ணூறு நாளில் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையோடு எவ்வாறு யுத்தத்துள் இறங்கிற்று? இரு தரப்பாரும் தம் வழக்கில் எழுதாமல் விட்ட எழுவினா எவ்வாறு தானாகவே மன்றுக்கு வந்து நின்றது?

முதலில் வழக்கின் சங்கதி. 1860ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி ஐக்கிய அமெரிக்காவிலிருந்த 3 கோடியே 14 இலட்சம் மக்களுள் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் அடிமைகள். உறுதி எழுதி விற்கவும், ஈடு வைக்கவும், முதுசமாகப் பிரிக்கவும் கூடிய உடைமைகளாகவே தென்மாநிலச் சட்டங்கள் அவர்களைக் கண்டன. இதைக் கேட்டு நாம் மிகவும் நிமிர்ந்து உட்காரவேண்டியதில்லை. நமது தேசவழமைத் தொகுப்பிலும் அடிமைகளைப் பற்றிய பகுதி ஒன்று இருந்தது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844ஆம் ஆண்டிலேதான். அமெரிக்கத் தென்பகுதிக்கு முன் வெறும் 21 ஆண்டுகள்.

1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் சனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டார். புதிய பிரதேசங்களுக்கு அடிமைமுறை பரவக்கூடாது என்பது அவர் கட்சியின் கொள்கை. இருக்கின்ற இடத்தில் அதை ஒழிப்பேன் என்று அவர் சொன்னாரில்லை. எனினும் தென் கரோலைனா 1860 டிசம்பர் 20இல் ஐக்கியத்திலிருந்து பிரிவதாகப் பிரகடனம் செய்தது. அடுத்த பெப்ரவரி தொடக்கத்தில் ஏழு மாநிலங்கள் பிரிந்திருந்தன. அலபாமாவின் மொண்ட்கொமரி நகரிற் கூடி, ஜெபர்சன் டேவிஸ் என்பவரைச் சனாதிபதியாக்கி, தமக்கென ஒரு யாப்பையும் இயற்றிக்கொண்டன.

இங்கே ஒரு சங்கடத்தை ஒளிக்காமற் சொல்லிவிடுகின்றேன். பிரிந்து போகும் உரிமை, மாநில உரிமை என்னும் சொற்கள் நம் செவியில் விழும்போது நமது மனம் ஒரு பக்கம் சாய்கின்றது. பிரிந்தவர்கள் பக்கம் நியாயம் இருந்திருக்க வேண்டுமே என்று இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, சொல்லைப் பார்க்காதீர்கள், பத்திரத்தைப் பாருங்கள் என்பதே. மிசிசிப்பி மாநிலம் வெளியிட்ட காரணப் பிரகடனம் தன் நிலைப்பாடு அடிமை நிறுவனத்தோடு பிரிக்கமுடியாதபடி பிணைந்தது என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கின்றது. துணைச் சனாதிபதி அலெக்சாந்தர் ஸ்டீவன்ஸ் 1861 மார்ச் 21இல் சவானா நகரிற் பேசும்போது, கறுப்பு மனிதன் வெள்ளையனுக்குச் சமமானவனல்லன் என்பதே தமது புதிய அரசின் மூலைக்கல் என்று வெளிப்படையாகச் சொன்னார். யுத்தத்தில் தோற்றபின் இதே ஸ்டீவன்சும் டேவிசும் பெரிய பெரிய நூல்கள் எழுதி, நாங்கள் போராடியது யாப்பு உரிமைக்காகவே என்றார்கள். கட்சிக்காரர் வழக்குக்கு முன் எழுதிய கடிதமும், தோற்றபின் எழுதிய கடிதமும் முரண்பட்டால் எந்த நீதவான் பிந்தியதை நம்புவார்? பிரிவினை சட்டப்படி செல்லுமா என்ற கேள்விக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் செல்லாது என்று விடை சொன்னது 1869ஆம் ஆண்டில், பீரங்கிகள் ஓய்ந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர்.

வடக்கின் முறைப்பாடும் முழு உண்மையை எழுதியதாக இல்லை. 1861 மார்ச் 4இல் பதவியேற்ற லிங்கன், அடிமைமுறை இருக்கின்ற மாநிலங்களில் அதிற் கைவைக்கும் நோக்கம் தமக்கில்லை என்றே தம் முதலுரையிற் சொன்னார். ஒரு பக்கம் உரிமை என்றது. மறுபக்கம் ஐக்கியம் என்றது. நாற்பது இலட்சம் பேரின் பெயர் எந்தத் தரப்பின் பத்திரத்திலும் கட்சிக்காரராகப் பதியப்படவில்லை.

முதல் வெடி சார்ள்ஸ்டன் துறைமுகத்திலே தீர்ந்தது. துறைமுக வாயிலில் நிற்கும் சம்டர் கோட்டையில் மேஜர் ரொபேட் அண்டர்சன் என்பவர் ஏறத்தாழ 85 வீரரோடு ஐக்கிய அரசின் கொடியைக் காத்துக்கொண்டிருந்தார். உணவு தீர்ந்துகொண்டு வந்தது. ஆயுதம் அனுப்பவில்லை, உணவு மட்டுமே அனுப்புகிறேன் என்று லிங்கன் மாநில ஆளுநருக்கு முன்னறிவித்தல் கொடுத்தார். சட்டம் படித்தவர் செய்யும் காரியம் இது! இனி முதல் வெடியை யார் தீர்த்தாலும் பழி அவரையே சேரும். 1861 ஏப்ரில் 12 விடியற்காலை நாலரை மணிக்குத் தென்படைத் தளபதி போரகார்ட் வெடி தீர்த்தார். அவர் அமெரிக்கப் படைக் கல்லூரியில் அண்டர்சனிடமே பீரங்கிக் கலை பயின்றவர். ஏறத்தாழ 34 மணி நேரம் குண்டு விழுந்தது. நகர மக்கள் கூரைகளின் மேலேறி நின்று அதைப் பார்த்தார்கள். கோட்டை பணிந்தது. எதிரியின் குண்டால் இரு பக்கத்திலும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. மறுநாள் கொடியிறக்கும்போது தீர்த்த மரியாதை வேட்டிலே வெடிமருந்து பற்றி, அயர்லாந்திற் பிறந்த ஒரு போர்வீரன் இறந்தான். அந்த யுத்தத்தின் முதற் சாவு அது.

இத்தகைய தொடக்கத்தைக் கண்டவர்கள் யுத்தத்தை எளிதாக எண்ணியதில் வியப்பென்ன? ஏப்ரில் 15இல் லிங்கன் 75,000 மாநிலக் காவற்படையினரைத் தொண்ணூறு நாட் சேவைக்கு அழைத்தார். இந்தத் தொண்ணூறு நாள் எங்கிருந்து வந்தது? யுத்தம் மூன்று மாதத்தில் முடியும் என்று கணித்துச் சொன்ன சோதிடர் எவருமில்லை. 1795ஆம் ஆண்டுக் காவற்படைச் சட்டம், அப்படையினரை ஓராண்டில் மூன்று மாதங்களுக்கு மேல் சேவை செய்யுமாறு வற்புறுத்த முடியாது என்று விதித்திருந்தது. காங்கிரஸ் சபையோ அப்போது கூடியிருக்கவில்லை. கையிலிருந்த சட்டம் தந்த எல்லை அது. ஆனால் அதைக் கேட்ட மக்கள், அரசாங்கமே மூன்று மாதம் என்று கணக்கிட்டுவிட்டது என்று எண்ணினார்கள். சட்டத்தின் கால எல்லை தேசத்தின் நம்பிக்கையாக மாறிற்று. அந்த வெறும் இலக்கம் பின்னர் ஒரு பெரும்போரின் நாளையே குறித்துவிட்டதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கின்றேன்.

அழைப்பின் மறுபுறம் இன்னொரு விளைவு. வேர்ஜீனியாவின் மகாநாடு ஏப்ரில் 4இல் பிரிவினையைப் பெரும்பான்மையால் நிராகரித்திருந்தது. அழைப்பு வந்து இரண்டு நாளில், ஏப்ரில் 17இல், 88க்கு 55 என்ற வாக்குகளால் அதே மகாநாடு பிரிவினையை ஏற்றது. ஆர்க்கன்சா, டெனசி, வட கரோலைனா ஆகியனவும் தொடர்ந்தன. ஏழு பதினொன்றாயிற்று. தெற்கு தன் தலைநகரை வேர்ஜீனியாவின் ரிச்மண்டுக்கு மாற்றியது. வாஷிங்டனுக்கும் ரிச்மண்டுக்கும் இடையே ஏறக்குறைய நூறு மைல். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா போய்ச் சற்று அப்பாற் சென்றாற்போன்ற தூரம். இரண்டு அரசுகளின் தலைநகரங்கள்!

சட்டத்துறை நண்பர்கள் இங்கே பலர் இருப்பதால் ஒரு சிறு வழக்கைச் சொல்லாமற் கடக்க மனமில்லை. மே 25 அதிகாலை, மேரிலாந்து மாநிலத்திலே ஜோன் மெரிமன் என்ற நிலக்காரர் ஒருவரைப் படையினர் படுக்கையிலிருந்து எழுப்பிக் கைதுசெய்து கோட்டையொன்றில் மறியலில் வைத்தனர். பிரதம நீதியரசர் ரோஜர் டானி ஆட்கொணர்வு எழுத்தாணை பிறப்பித்தார். கட்டளையைக் கொண்டுபோன உத்தியோகத்தரைக் கோட்டை வாயிலில் உள்ளே விடவில்லை. அந்த எழுத்தாணையை நிறுத்திவைக்கும் அதிகாரம் காங்கிரசுக்கே உரியது, சனாதிபதிக்கு இல்லை என்று டானி தீர்ப்பெழுதினார். ஒரு சட்டத்தைக் காக்கப்போய் மற்றெல்லாச் சட்டங்களும் அழிய விடலாமா என்ற கருத்தில் லிங்கன் காங்கிரசுக்கு விளக்கம் சொன்னார். நான் லிங்கனைப் போற்றுபவன். ஆயினும் இந்த வழக்கில் டானி சொன்னதே சட்டம் என்பது என் அபிப்பிராயம். இதே டானிதான் 1857இல், கறுப்பு இனத்தவர் அமெரிக்கப் பிரசைகளாக இருக்க முடியாது என்று தீர்ப்பளித்தவர். நல்ல தீர்ப்பும் கொடிய தீர்ப்பும் ஒரே பேனாவிலிருந்து வரும்.

இனி நான் இன்று மிகவும் விரும்பிச் சொல்லவந்த பகுதி. அது ஒரு போரன்று.

வேர்ஜீனியாவின் கரையில் மன்றோ கோட்டை ஐக்கியத்தின் வசமே இருந்தது. 1619ஆம் ஆண்டிலே, அந்த ஆங்கிலக் குடியேற்றத்துக்கு முதன்முதல் ஆபிரிக்க மக்கள் கொண்டுவந்து இறக்கப்பட்ட இடம் அதே முனைதான். 1861 மே 23இல் வேர்ஜீனியா வாக்காளர் பிரிவினையை உறுதிசெய்தனர். அன்றிரவே மூன்று அடிமைகள் படகேறி அந்தக் கோட்டையை வந்தடைந்தார்கள். பிராங்க் பேக்கர், ஜேம்ஸ் டவுன்சென்ட், ஷெப்பர்ட் மலோரி என்பன அவர்களின் பெயர்கள். தென்படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையிற் பூட்டப்பட்டிருந்தவர்கள்.

மறுநாள், அவர்களுடைய உடைமைக்காரனின் சார்பாகத் தென்படை மேஜர் ஒருவர் வெள்ளைக்கொடியோடு வந்தார். ஓடிப்போன அடிமையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று 1850ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறதே, உமது கடமையைச் செய்யும் என்றார். கோட்டைக்குப் பொறுப்பாயிருந்தவர் பெஞ்சமின் பட்லர். படைத்தொழில் அவருக்குப் புதிது, மசச்சூசெட்சில் அப்புக்காத்தாயிருந்தவர். அடிமைமுறையை எதிர்த்துப் புகழ்பெற்றவரும் அல்லர். அவர் சொன்ன விடையின் சாரம் இது: வேர்ஜீனியா தன்னை அந்நிய தேசம் என்கிறது. அந்நிய தேசத்துக்கு எங்கள் சட்டத்தின் நன்மை எப்படிச் சேரும்? உமது எசமானர் இங்கு வந்து ஐக்கியத்துக்கு விசுவாசச் சத்தியம் செய்யட்டும், திருப்பித் தருகிறேன். அதுவரைக்கும், அடிமைகள் உடைமை என்று நீங்களே சொல்கிறபடியால், எதிரியின் யுத்த வேலைக்குப் பயன்பட்ட உடைமையை யுத்தகாலத் தடைப்பொருள் என்று நான் பறிமுதல் செய்கிறேன்.

எதிராளியின் வாதத்தை மறுக்காமல், அதை அப்படியே எடுத்து அவன் கழுத்திலேயே போட்ட இந்த வித்தையை நான் இருபது ஆண்டு வழக்காடியும் இவ்வளவு அழகாகக் கண்டதில்லை. ஆனால் கவனியுங்கள். அந்த மூவரையும் மனிதர் என்று பட்லர் சொல்லவில்லை. பொருள் என்றே சொன்னார். அவர்கள் விடுதலை பெறவில்லை, பறிமுதல் செய்யப்பட்டார்கள். எனினும் செய்தி காட்டுத்தீப்போலப் பரவிற்று. பின்னர் பெண்களும் பிள்ளைகளுமாக வரத்தொடங்கினர். யூலை முடிவில் ஏறத்தாழ 900 பேர் அங்கே இருந்தனர். பீரங்கி மேடை கட்டிய ஆண்களைத் தடைப்பொருள் என்னலாம். கைக்குழந்தை எந்த யுத்தத் தளவாடம்? இந்தக் கேள்வியைப் பட்லரே மேலிடத்துக்கு எழுதினார். எழுதாமல் விட்ட எழுவினா மன்றுக்கு வந்தது இப்படித்தான். அதைக் கொண்டுவந்தவர்கள் தலைவர்களல்லர், நடந்தும் படகேறியும் வந்த அம்மக்களே.

இதற்கிடையே வடக்கின் பத்திரிகைகள், ரிச்மண்டுக்கு முன்னேறு என்று நாள்தோறும் கொட்டை எழுத்தில் அச்சடித்துக்கொண்டிருந்தன. (பத்திரிகைக்கு எழுதுபவன் என்ற முறையில் இந்த இடத்தில் நானும் சற்றுத் தலைகுனிகின்றேன்.) முதிய பிரதம தளபதி வின்பீல்ட் ஸ்கொட், வயது 75, கரையை முற்றுகையிட்டு மிசிசிப்பி ஆற்றைக் கைப்பற்றி மெல்ல நெருக்குவதே வழி என்றார். கிழவன் பயந்துவிட்டான் என்று சிரித்தார்கள். களத் தளபதி மக்டவல், படைஞர் பயிற்சியற்றவர்கள், தவணை தாருங்கள் என்று கேட்டார். நீங்களும் புதியவர்கள், எதிரிகளும் புதியவர்கள் என்று லிங்கன் அவரை அனுப்பினார். ஏன் இந்த அவசரம்? ஏப்ரிலில் ஒப்பந்தமான தொண்ணூறு நாள் யூலையில் முடிகின்றது! முடியுமுன் ஒரு போர் நடத்தியாகவேண்டும். 1795ஆம் ஆண்டுச் சட்டம் 1861இல் போருக்கு நாள் வைத்தது.

மனாசஸ் சந்தி வாஷிங்டனுக்குத் தென்மேற்கே முப்பது மைலுக்குட்பட்டது. இரண்டு புகையிரதப் பாதைகள் கூடுமிடம். அதன் முன்னே ஓடும் ஓடைக்குப் புல் ரன் என்று பெயர். அங்கே போரகார்ட்டிடம் இருபதினாயிரத்துக்குச் சற்று அதிகமான படை. மக்டவல் ஏறத்தாழ 35,000 பேரோடு யூலை 16இல் புறப்பட்டார். நடந்து பழகாத படைஞர் கிணற்றைக் கண்ட இடத்தில் தண்ணீர் அள்ளவும், வழியோரத்துப் பற்றையிற் பழம் பறிக்கவும் ஒதுங்கினார்கள். மேற்கே ஷெனன்டோவா பள்ளத்தாக்கில் ஜோன்ஸ்டனின் தென்படையை அசையாமற் பிடித்துவைக்கும் பொறுப்பு பற்றர்சன் என்ற வடதளபதிக்கு. அவர் பிடித்துவைக்கவில்லை. ஜோன்ஸ்டன் சத்தமில்லாமல் நழுவி, படையைப் புகையிரதத்தில் ஏற்றி மனாசசுக்குக் கொண்டுவந்தார். புகையிரதத்தின் துணையால் ஒரு போரின் முடிவு மாறியதற்கு முதற் பெரிய உதாரணம் இதுவே என்பார்கள்.

யூலை 21 ஞாயிற்றுக்கிழமை. அன்று விடியும் வேளையில் நடந்ததைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பென்சில்வேனியாவின் நாலாம் படைப்பிரிவும் நியூயோர்க்கின் ஒரு பீரங்கிப் பிரிவும், எங்கள் தொண்ணூறு நாள் தீர்ந்துவிட்டது என்றார்கள். தளபதி மன்றாடினார். அவர்கள் அசையவில்லை. எதிரியின் பீரங்கிச் சத்தம் முதுகுப்பக்கம் கேட்கக் கேட்க, அவர்கள் வீட்டை நோக்கி நடந்தார்கள். கோழைகள் என்று பலர் எழுதினார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் எழுதியதைச் செய்தார்கள். அதற்கு மேல் செய்யவேண்டும் என்று அவர்களை நம்பச்செய்யும் காரணம் எதையும் எவரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

மற்றவர்கள் போரிட்டார்கள். நண்பகல் வரை வடக்கே வென்றது; வெற்றி என்று வாஷிங்டனுக்குத் தந்தியும் போயிற்று. பிற்பகல் ஹென்றி மேட்டில் நிலை மாறிற்று. ஜாக்சன் என்ற தளபதியின் படை அங்கே அசையாது நின்றது. கற்சுவர் ஜாக்சன் என்ற பெயர் அவருக்கு அன்று வந்தது. சீருடையிலும் ஒழுங்கில்லை. வடக்கிலும் நீலம், தெற்கிலும் சிலர் நீலம். எதிரே வந்த நீலச் சட்டைக்காரரைத் தம்மவர் என்று எண்ணி வடபீரங்கியினர் வெடியை நிறுத்தினர், வந்தவர்கள் வேர்ஜீனியர், அருகில் நின்று சுட்டு வீழ்த்தினார்கள். மாலை நாலு மணியளவில் தெற்கின் கடைசி உதவிப்படை வந்து வலப்பக்கத்திற் பாய்ந்தது. பின்வாங்கல் ஓட்டமாயிற்று.

அந்த மேட்டுக்குப் பெயர் தந்த வீட்டில் ஜூடித் ஹென்றி என்ற விதவைத் தாய் இருந்தார். எண்பது வயது கடந்தவர், படுக்கையைவிட்டு எழமுடியாதவர். குண்டு வீட்டைத் துளைத்து அவரைக் கொன்றது. இன்னொரு வீட்டுக்காரர் வில்மர் மக்லீன். அவர் வளவைப் போரகார்ட் தலைமையகமாக்கியிருந்தார். மூன்று நாள் முன்னர் ஒரு குண்டு அவர் அடுப்பங்கரையில் விழுந்திருந்தது. அவர் பின்னர் யுத்தம் எட்டாத இடம் தேடித் தெற்கே அப்பமாட்டொக்ஸ் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். 1865 ஏப்ரில் 9இல் தெற்கின் தளபதி லீ பணிந்து கையொப்பமிட்டது அவருடைய அந்தப் புது வீட்டு விறாந்தை அறையிலேதான். நினைவுப்பொருளென்று அதிகாரிகள் அவர் தளபாடங்களையும் கொண்டுபோய்விட்டார்கள்.

வாஷிங்டனிலிருந்து பிரமுகர்கள் குதிரைவண்டியில் உணவுக்கூடையோடு போர் பார்க்க வந்திருந்தார்கள் என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலோர் சில மைலுக்கு அப்பால் நின்றனர், புகையைத்தான் கண்டிருப்பர். ஓட்டம் தொடங்கியபோது வண்டியும் படையும் ஒரே பாலத்தில் நெருங்கி முட்டிக்கொண்டன. அல்பிரட் ஈலி என்ற காங்கிரஸ் அங்கத்தவர் பிடிபட்டு ரிச்மண்டில் ஐந்து மாதம்வரை மறியலிருந்தார். யுத்தத்துக்கு வாக்களித்தவர்களுள் அதை அருகில் நின்று பார்க்கும் வாய்ப்புப் பெற்றவர் அவர் ஒருவராவது உண்டு.

இரு பக்கத்திலும் இறந்தவர் ஏறத்தாழ 850 பேர். அந்நாளில் அதைப் பேரழிவு என்றார்கள். வென்ற தெற்கும் துரத்திச் செல்லவில்லை. தோல்வி எதிரியைக் குலைத்ததைவிட வெற்றி எங்களை அதிகம் குலைத்தது என்ற கருத்தை ஜோன்ஸ்டனே பின்னர் எழுதினார். காரியம் முடிந்தது என்று எண்ணித் தொண்டர் பலர் வீடு போய்ச் சேர்ந்தனர். தோற்ற வடக்கிலோ, மறுநாளே, 5,00,000 தொண்டரை மூன்று ஆண்டுகள் வரைக்கும் சேர்க்கும் சட்டத்தில் லிங்கன் ஒப்பமிட்டார். தொண்ணூறு நாள் மூன்று ஆண்டாக மாறுவதற்கு ஓர் இரவு போதுமாயிருந்தது.

அதே யூலை 22இல் கீழ்ச்சபை இன்னொரு தீர்மானத்தையும் நிறைவேற்றியது: இந்த யுத்தம் மாநிலங்களின் நிலைபெற்ற நிறுவனங்களை அழிப்பதற்கன்று, ஐக்கியத்தைக் காப்பதற்கே. அடிமைமுறை என்ற சொல்லைச் சொல்லவும் கூசி, நிறுவனம் என்றார்கள். அந்த மையின் ஈரம் காயுமுன், ஓகஸ்ட் 6இல், கிளர்ச்சிக்குப் பயன்படுத்தப்பட்ட அடிமைகள்மீது உடைமைக்காரருக்குள்ள உரிமை அற்றுப்போகும் என்ற சட்டம் வந்தது. பட்லரின் சாமர்த்திய வாதம் காங்கிரசின் சட்டமாகிவிட்டது. டிசெம்பரில் அந்த யூலைத் தீர்மானத்தை மீண்டும் உறுதிசெய்யுமாறு கேட்டபோது கீழ்ச்சபை மறுத்துவிட்டது. புல் ரன்னில் வடக்கு வென்று, ரிச்மண்ட் வீழ்ந்து, தெற்கு ஓகஸ்டில் திரும்பி வந்திருந்தால் என்னவாயிருக்கும்? அடிமைமுறை அப்படியே இருக்க ஐக்கியம் ஒட்டப்பட்டிருக்கும் என்றே நான் எண்ணுகின்றேன். அந்த மூவரையும் எசமானிடம் ஒப்படைத்திருப்பார்கள். இது சொல்ல மகிழ்ச்சி தருகிற முடிபன்று. ஏனெனில் மறுபக்கத் தராசில் இருப்பது இலட்சக்கணக்கான சாவு.

அவ்வாண்டின் மற்றப் போர்களை விரைவாகக் கடக்கின்றேன். ஓகஸ்ட் 10இல் மிசூரியின் வில்சன் ஓடையில் வடதளபதி லயன் களத்தில் வீழ்ந்தார். ஒக்டோபர் 21இல் போட்டோமாக் ஆற்றங்கரையில் போல்ஸ் புளவ் என்ற செங்குத்தான மேட்டில் ஒரு சிறு மோதல். அதில் இறந்தவர் எட்வேட் பேக்கர் என்ற செனற் சபை அங்கத்தவர், லிங்கன் தம் மகனுக்கே பெயர் சூட்டும் அளவு நெருங்கிய நண்பர். பெரிய மனிதர் இறந்தால் ஒரு குற்றவாளி தேவைப்படுகின்றார். தளபதி சார்ள்ஸ் ஸ்டோன் பிடிபட்டு, குற்றப்பத்திரமும் விசாரணையும் இன்றி ஆறு மாதத்துக்கு மேல் மறியலில் வைக்கப்பட்டு, பின்னர் காரணமும் சொல்லப்படாமல் விடப்பட்டார். மெரிமன் வழக்கில் திறந்த கதவால் அடுத்த ஆண்டே ஐக்கியத்தின் சொந்தத் தளபதி உள்ளே போனார்.

1862 ஏப்ரில் 6, 7ஆந் திகதிகளில் டெனசி ஆற்றங்கரையில் ஷைலோ போர். இரண்டு நாளில் இறந்தோர், காயப்பட்டோர், காணாமற்போனோர் 23,700க்கு மேல். இறந்தோர் மட்டும் ஏறத்தாழ 3,500. புல் ரன்னைப்போல நாலு மடங்கு. ஒரு பெரிய வெற்றியோடு தெற்கு சரிந்துவிடும் என்று ஷைலோவுக்கு முன் தாம் நம்பியதாகவும், அதன்பின் முழு வெற்றிகொண்டே ஐக்கியத்தைக் காக்கமுடியும் என்று கண்டதாகவும் வடதளபதி கிராண்ட் தம் சரிதையில் எழுதியிருக்கின்றார். ஒன்பது நாட்களின் பின், ஏப்ரில் 16இல், தெற்கு கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஓராண்டு என்று கையொப்பமிட்ட தொண்டர்களை அச்சட்டம் மூன்றாண்டுக்குப் பிடித்துவைத்தது. அவ்வாண்டு ஒக்டோபரில், இருபது அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையர் படைச்சேவையிலிருந்து விலக்குப் பெறலாம் என்றொரு திருத்தம். அடிமை எவருமில்லாத ஏழைக் கமக்காரனின் மகன் களத்தில், தோட்டக்காரர் வீட்டில். அக்காலத் தென்படையினர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் இதைப் பற்றிய மனக்கசப்பு நிறைய உண்டு.

யுத்தம் முடிய நான்கு ஆண்டுகள் சென்றன. இறந்தவர் 6,20,000 என்பது நெடுங்காலம் சொல்லப்பட்ட கணக்கு. பிற்கால ஆய்வுகள் ஏறத்தாழ ஏழு இலட்சம் அல்லது அதற்கு மேல் என்கின்றன. 1865 டிசெம்பரில் யாப்பின் 13ஆந் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது.

கமக்கார நண்பர்களுக்காக ஒன்று சொல்லி முடிக்கின்றேன். தெற்கிடமும் ஒரு தொண்ணூறு நாட் கணக்கு இருந்தது. அதன் பெயர் பருத்தி. இங்கிலாந்தின் ஆலைகள் தம் பருத்தியில்லாமல் ஓடமாட்டா, ஆகவே கப்பலில் ஏற்றாமல் வைத்திருந்தால் பிரித்தானியா தானே வந்து தம் பக்கம் நிற்கும் என்று 1861இல் தோட்டக்காரர் நம்பினார்கள். ஆனால் முந்திய ஆண்டுகளின் பெருவிளைச்சலால் ஆங்கிலக் களஞ்சியங்கள் நிறைந்திருந்தன. இருப்புத் தீர்ந்து லங்காசயர் நெசவாளர் பட்டினி கிடந்த 1862இல், வியாபாரிகள் எகிப்துக்கும் இந்தியாவுக்கும் திரும்பினார்கள். திருநெல்வேலிக் கரிசலிலும் தக்காணத்திலும் விளைந்த பருத்திக்கு அதுவரை காணாத விலை ஏறிற்று. கமக்காரர் பருத்தி போட்டார்கள். ஈட்டுக்காரர் கேட்டதற்கு மேல் கடன் கொடுத்தார்கள். 1865இல் அமெரிக்காவில் சமாதானம் வந்தது. இங்கே விலை விழுந்தது. கடன் விழவில்லை. வேறு காரணங்களும் உண்டு, நிலவரி உயர்வும் அவற்றுள் ஒன்று. ஆயினும் பருத்திக் காலத்துக் கடனின் சுமையும் சேர்ந்து, 1875ஆம் ஆண்டில் பூனா, அகமத்நகர் மாவட்டங்களின் கமக்காரர் ஈட்டுக்காரரின் வீடுகளுக்குத் திரண்டு சென்று, கடனுறுதிகளைக் கேட்டு வாங்கித் தெருவிற் போட்டுக் கொளுத்தினார்கள்.